பழைய மகிந்திரா ஜீப்பில் கூடுதல் விளக்கு: வயரிங் வேலை முதலிலிருந்து முடிவுவரை

மலையில் ஓடும் பழைய ஜீப்புக்குக் கூடுதல் விளக்கு போடுவது பெரிய வேலை இல்லை. கையில் நல்ல சாமான் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் இந்த வேலை பெரும்பாலும் எப்படி நடக்கிறது? ஹெட்லைட்டுக்குப் போகும் வயரை நடுவில் சுரண்டி, புது விளக்கின் வயரை அதில் முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிடுகிறார்கள். அன்றைக்கு எரியும். இருபது, முப்பது வருடம் வெயிலும் டீசலும் பட்டு விறைத்துப்போன வயரில் இரண்டு மடங்கு கரண்ட் ஓடினால் டேஷ்போர்டு சுவிட்ச் சூடேறும், வயரின் மேலுறை இளகும். கடைசியில் ஏதோ ஒரு மழை இரவில், கொண்டை ஊசி வளைவின் நடுவில், எல்லா விளக்கும் சேர்ந்து அணையும்.

அதனால் இந்த வேலையில் மாற்றக்கூடாத விதி ஒன்று உண்டு. பழைய வயர் 'எரி', 'அணை' என்ற உத்தரவை மட்டும் கொண்டுபோக வேண்டும். விளக்கு தின்னும் கரண்ட் முழுவதும் பேட்டரியிலிருந்து தனியாக, புது வயரில், ஃபியூஸ் வழியாக வரவேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

நான் மனதில் வைத்து எழுதுவது எம்எம் 540, மேஜர் போன்ற மகிந்திரா டீசல் ஜீப்புகளை. 12 வோல்ட், நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் இரும்பு உடலோடு இணைந்திருக்கும். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகளில் இந்த வகை நிறைய. வேறு பழைய வண்டிகளுக்கும் முறை இதேதான், ஓரிடத்தில் மட்டும் மாறும், அதை அங்கேயே சொல்கிறேன். உங்களுடையது மிகப் பழைய பெட்ரோல் ஜீப் என்றால் பேட்டரியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 6 வோல்ட் என்றால் இங்கே வரும் கணக்கு எதுவும் பொருந்தாது.

முதலில் ஹெட்லைட்டை அளந்து பாருங்கள்

கூடுதல் விளக்கு வாங்கக் கிளம்பும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். என்ஜினை ஓடவிட்டு, ஹை பீம் போட்டு, பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். சார்ஜிங் சரியாக இருந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். அப்புறம் ஹெட்லைட் பல்பின் பின்னால், கனெக்டரைக் கழற்றாமல், ஹை பீம் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பழைய ஜீப்பில் இங்கே ஒன்றரை, இரண்டு வோல்ட் குறைவாகக் காட்டுவது சாதாரணம்.

இரண்டு வோல்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதன் 3.4-ஆவது அடுக்கை ஒட்டிக் குறைகிறது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். 'ஜீப் லைட்டே இப்படித்தான்' என்று நாம் பழகிப்போன மங்கல் பாதி நேரம் இந்த இழப்புதான். ஹெட்லைட்டுக்கே ஒரு ரிலே (சிறு கரண்டின் உத்தரவில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்து, கறுத்துப்போன ரிஃப்ளெக்டரையும் மாற்றினால் பலருக்குக் கூடுதல் விளக்கே தேவைப்படாது. இதை முதலில் செய்துவிடுங்கள். வேலையும் ஏறக்குறைய அதேதான் என்பதால் கையும் பழகும். ஆனால் அதற்குப் பதிலாக 100/90 வாட் பல்பை மாட்டிவிடாதீர்கள். சாலைக்கு அனுமதி 60/55 வாட்தான். பழைய சுவிட்சும் ஹோல்டரும் அந்தச் சூட்டைத் தாங்கவும் தாங்காது.

எந்த விளக்கு?

கடையில் போய் 'ஃபாக் லைட்' என்று கேட்டால் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் வகைகள் வேறு வேறு. உண்மையான ஃபாக் லைட், அதாவது பனிமூட்ட விளக்கு, அகலமாக, தாழ்வாக, மேல்பக்கம் வெட்டினாற்போல ஒளி போடும். பம்பருக்குக் கீழே, லோ பீமோடு எரிய வேண்டியது அது. டிரைவிங் லைட் ஹை பீமுக்குத் துணை, தூரத்தைக் காட்டும். ஸ்பாட் என்பது இன்னும் ஒடுங்கிய ஒளி.

நம் மலைச்சாலைகளுக்கு ஸ்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. வளைவில் ஒடுங்கிய ஒளி பள்ளத்தாக்கின் காற்றைத்தான் காட்டும். அகலமாக விரியும் டிரைவிங் லைட் ஒரு ஜோடி, ஒன்றுக்கு 55 வாட் ஹாலஜன், அல்லது அதே வெளிச்சம் தரும் தரமான எல்இடி, இந்த வண்டிக்குப் போதும். மூடுபனியில் ஓடுகிறவர்கள் டிரைவிங் லைட்டை மறந்துவிட்டு ஃபாக் லைட் ஜோடி போடுங்கள். ஹை பீம் வெளிச்சம் பனித்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், அதோடு இன்னொரு ஜோடியைச் சேர்ப்பதில் பயனில்லை. கூரையில் நீள எல்இடி பார் வைப்பவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும்: அந்த ஒளி பானெட்டின் மேல் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும், மழையில் இன்னும் மோசம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-ஆவது விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட், தேடுவிளக்கு வைப்பதைத் தடுக்கிறது. கூடுதல் விளக்குக்கு அபராதம் போடுவதும் வழக்கம்தான். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். தோட்டத்துக்குள்ளும் மண்பாதையிலும் மட்டும் பயன்படுத்தி, தார்ச்சாலை ஏறியதும் உறை போட்டு மூடிவிடுவது நல்ல பழக்கம். காட்டுப்பாதையில் இந்த விளக்கு வேண்டவே வேண்டாம். கண் கூசிய காட்டெருமை எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

ஆல்டர்னேட்டர் தாங்குமா?

என்ஜின் சுற்றும்போது கரண்ட் தயாரிப்பது ஆல்டர்னேட்டர்தான். வாட்டை வோல்டேஜால் வகுத்தால் ஆம்பியர். ஹை பீம் இரண்டும் 120 வாட். பார்க்கிங், பின்விளக்கு, நம்பர் பிளேட், மீட்டர் பல்புகள் சேர்ந்து 35 வாட் வையுங்கள். மழையில் வைப்பருக்கு 55. புது ஜோடி 110. கூட்டினால் 320 வாட், 13.5 வோல்ட்டில் 24 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் ஆல்டர்னேட்டரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் எண் இருக்கும். சென்னை பாடியில் செய்த லூகாஸ் டிவிஎஸ் ஆல்டர்னேட்டர்தான் பல வண்டிகளில். அதில் 35 என்று இருந்தால், அது என்ஜின் நன்றாகச் சுற்றும்போது கிடைக்கும் அளவு. இரண்டாம் கியரில் ஏறும்போது பிரச்சினை இல்லை. ஐடிலில் நிறுத்திவிட்டு எல்லா விளக்கையும் எரியவிட்டால் பேட்டரியிலிருந்துதான் போகும். ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ உள்ள வண்டியில் ஐடிலில் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அங்கே எல்இடிதான் சரி. 20 வாட் எல்இடி இரண்டு சேர்ந்து 3 ஆம்பியர்தான் எடுக்கும்.

வாங்க வேண்டியவை

12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே ஒன்று, அதன் சாக்கெட்டோடு. பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் நான்கு, நீர் புகாத மூடி உள்ளவை. ஃபியூஸில் 20 ஆம்பியர் (மஞ்சள்) ஒன்று, 10 ஆம்பியர் (சிவப்பு) இரண்டு, 3 ஆம்பியர் ஒன்று, எல்லாவற்றிலும் உபரி. 2.5 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ வயர் சிவப்பிலும் கறுப்பிலும், கிளைகளுக்கு 1.5, சுவிட்சுக்கு 0.75 அல்லது 1. லக்குகள் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனைகள்), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடுபட்டால் சுருங்கி இணைப்பை மூடும் உறை), நெளிவுக் குழாய், ரப்பர் குரோமெட், டேஷ்போர்டு சுவிட்ச்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய துண்டைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஆட்டோ வயரில் இழைகள் மெலிதாக, நிறைய இருக்கும், அதிர்வில் முறியாது. உறையும் எண்ணெயையும் சூட்டையும் தாங்கும். ஒற்றைக் கம்பி வயர் ஜீப்பில் ஒரு வருடம்கூட நிற்காது.

தடிமனில் ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், கணக்கு இதோ. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மீட்டருக்கு ஏறக்குறைய 17.5 மில்லி ஓம் தடை. பேட்டரியிலிருந்து விளக்குவரை 3 மீட்டர், 9 ஆம்பியர். 2.5 வயரில் 0.19 வோல்ட்தான் விழும். 1 சதுர மில்லிமீட்டரில் 0.47. கடையில் 'லைட் வயர்' என்று தரும் 0.5-இல் 0.95 வோல்ட், அதாவது ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் வயரிலேயே போயிற்று. இது பாசிட்டிவ் பக்கத்துக்கு மட்டும். எர்த் பக்க இழப்பு தனி.

விளக்கைப் பொருத்துதல்

ரேடியேட்டருக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். ஏற்றத்தில் ஏற்கெனவே சூடாகும் என்ஜின், காற்றை மறைத்தால் கொதித்துவிடும். பம்பரின் மேல், ஹெட்லைட்டுக்கு நேர் முன்னால் வராதபடி, 3 மில்லிமீட்டர் கனத் தகட்டில் பிராக்கெட் செய்து பொருத்துங்கள். ஒற்றைப் போல்ட்டில் நிற்கும் விளக்கு கரடுமுரடுப் பாதையில் தலையாட்டிக்கொண்டே இருக்கும், ஒளியும் ஆடும். பின்பக்கம் ஒரு சிறு தாங்குகம்பி கொடுத்தால் நின்றுவிடும். நைலான் வளையமுள்ள நட்டையே போடுங்கள். ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள். கண்ணாடியில் படியும் எண்ணெய் சூட்டில் பல்பைச் சாகடிக்கும்.

வயரிங்

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால், நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால்தான் ஆபத்து இல்லை. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலின் முனைகள். 30-இல் பேட்டரி கரண்ட் வந்து நிற்கும். காயிலுக்குக் கரண்ட் கிடைத்ததும் 30-உம் 87-உம் சேரும், விளக்கு எரியும். காயில் எடுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான், அதனால்தான் பழைய வயரும் சுவிட்சும் அதைச் சிரமமில்லாமல் தாங்குகின்றன. ஐந்து பின் ரிலே வாங்கியிருந்தால் நடுவில் உள்ள பின்னைக் கவனியுங்கள். அதில் 87ஏ என்றிருந்தால் அது ரிலே ஓய்வில் இருக்கும்போது சேர்ந்திருக்கும் முனை. விளக்கை அங்கே கொடுத்தால் சுவிட்ச் போடாதபோது எரியும், போட்டால் அணையும். அந்தப் பின்னைக் காலியாக விட்டு டேப் போடுங்கள்.

ரிலேயை ஃபயர்வாலில், அதாவது என்ஜினுக்கும் டிரைவர் பக்கத்துக்கும் நடுவே உள்ள தகட்டில், உயரமாக, பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி திருகுங்கள். ஓடையில் இறங்கினாலும் தண்ணீர் தங்காது. வயரும் கீழே ஒரு வளைவு இறங்கி மேலேறி வரட்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இனி பிரதான லைன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சிவப்பு வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30. ஃபியூஸ் விளக்குப் பக்கத்தில் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள வயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால் அதைக் காப்பாற்ற எதுவுமில்லை. டீசல் வண்டி பேட்டரி அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், வயர் சிவந்து தீப்பிடிக்கும். ஆகவே அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

ரிலேயின் 87-இலிருந்து இரண்டு கிளை. ஒவ்வொன்றிலும் 10 ஆம்பியர் ஃபியூஸ், அப்புறம் 1.5 வயரில் ஒவ்வொரு விளக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் போட்டால் செலவு குறையும்தான். ஆனால் ஒரு விளக்கில் தண்ணீர் புகுந்து ஷார்ட் ஆனால் மற்றதும் சேர்ந்து அணையும். இருட்டில் ஒன்றாவது எரிவதற்காக இந்தச் செலவைச் செய்யலாம்.

எர்த் விஷயத்தில் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். விளக்கின் கறுப்பு வயரை பம்பர் போல்ட்டில் சொருகிவிட்டால் எரியத்தான் செய்யும். அந்தப் பம்பர் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து, துருவேறிய போல்ட்டில் சேசிஸோடு நிற்கிறது, அந்த வழியாகத்தான் 9 ஆம்பியரும் திரும்ப வேண்டும். இரண்டு விளக்கின் எர்த்தையும் சேர்த்து 2.5 கறுப்பு வயரில் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். முடியாவிட்டால் சேசிஸில் ஓரிடத்தைப் பளபளப்பாகச் சுரண்டி, லக்கை முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள பின்னல் எர்த் பட்டையையும் இப்போதே பாருங்கள். பச்சை பூத்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஸ்டார்ட்டிங்கும் நன்றாகும்.

அடுத்தது உத்தரவு லைன். ஹை பீம் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக டேஷ்போர்டு சுவிட்சுக்கு, அங்கிருந்து ரிலேயின் 86-க்கு. 85 எர்த்துக்கு. இப்படிச் செய்தால் சுவிட்ச் போட்டிருந்தாலும் ஹை பீமில் மட்டும்தான் விளக்கு எரியும். எதிரே வண்டி வந்து நீங்கள் டிப் செய்த நொடியில் கூடுதல் விளக்கும் அணையும். கை தேடிப்போய் அணைக்கும் சுவிட்சை நம்பாதீர்கள். குறுகிய மலைப்பாதையில் எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைத்தால் அவர் வந்து மோதப்போவது உங்கள் மேல்தான். ஃபாக் லைட் என்றால் ஹை பீமுக்குப் பதில் பார்க்கிங் லைட் வயரிலிருந்து எடுங்கள்.

முன்பு சொன்ன அந்த ஒரே மாறுதல் இங்கேதான். பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் போன்ற சில ஜப்பானிய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பாசிட்டிவ் பொதுவாக வரும், டிப் சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் மாற்றும். லோ பீம் எரியும்போது ஹெட்லைட் கனெக்டரின் ஹை பீம் பின்னை மீட்டரால் தொட்டுப் பாருங்கள். அப்போதும் 12 வோல்ட் காட்டினால் உங்களுடையது அந்த வகை. அதில் ஹெட்லைட்டின் பொதுப் பாசிட்டிவ் வயரிலிருந்து ஃபியூஸ், சுவிட்ச் வழியாக 86-க்குக் கொடுங்கள், 85-ஐ ஹை பீம் வயரில் சேருங்கள். ஜீப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் கைமாறி வந்த வண்டியில் யார் என்ன செய்து வைத்திருப்பார்கள் என்று தெரியாது, ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

இணைப்புகளைச் சரியான கிரிம்ப் பிளேயரால் அழுத்துங்கள். சால்டர் வைத்தால் ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் அதிர்வில் முறியும். வயரை வெட்டாமல் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப் இணைப்புகள் மழைப் பிரதேசத்தில் சீக்கிரம் பச்சை பூக்கும், அவையும் வேண்டாம். ஒவ்வொரு லக்கையும் அழுத்திய பின் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள், கழன்றால் இப்போதே கழலட்டும்.

வயரை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, எக்ஸாஸ்ட், ஸ்டீயரிங் தண்டு, ஃபேன் மூன்றுக்கும் எட்டாத வழியில் கட்டிக்கொண்டே போங்கள். ஃபயர்வாலில் துளை போட்டால் குரோமெட் இல்லாமல் வயரை நுழைக்காதீர்கள். தகட்டின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும்.

சோதனை

ஃபியூஸைப் போடும் முன் ஒரு எளிய சோதனை. இண்டிகேட்டர் பல்பு, 21 வாட், இரண்டு முனையிலும் வயர் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கிளை ஃபியூஸ்களை மாட்டி, விளக்குகளின் கனெக்டரைக் கழற்றி வைத்து, பேட்டரியை இணைத்து, 20 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் இந்தப் பல்பின் இரு முனைகளையும் வையுங்கள். எரியக்கூடாது. எரிந்தால் பேட்டரிக்கும் ரிலேக்கும் நடுவே எங்கோ வயர் எர்த்தில் படுகிறது. அடுத்து ஹை பீமும் சுவிட்சும் போட்டு ரிலே 'டிக்' என்று சேர்ந்த பின்னும் எரியக்கூடாது. இப்போது எரிந்தால் ஷார்ட் ரிலேக்கும் விளக்குக்கும் நடுவில். எத்தனை நேரம் தேடினாலும் பல்புதான் எரிந்துகொண்டிருக்குமே தவிர வயர் கருகாது.

எல்லாம் சரி என்றால் ஃபியூஸைப் போட்டு, விளக்கை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு எரியவையுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் விளக்கின் பாசிட்டிவ் பின்னுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 0.4 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. விளக்கின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2-க்குள் இருக்கட்டும். கூடினால் வழியில் ஒவ்வொரு இணைப்பாக அளந்துகொண்டே போங்கள், எங்கே எண் தாவுகிறதோ அங்கேதான் கோளாறு.

ஒளியைச் சரிசெய்தல்

வழக்கமான சுமையை ஏற்றி, டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் சுவரிலிருந்து 8 மீட்டரில் நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து இருக்கும் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, ஒளியின் நடுப்புள்ளி அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே விழுமாறு சாய்க்கவும். விளக்கு 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஒளியின் மையம் 120 மீட்டரில் தரையைத் தொடும். பக்கவாட்டில் இரண்டும் நேராகவே இருக்கட்டும். வளைவுகள் அதிகமுள்ள பாதை என்றால் இடது விளக்கை மட்டும் சற்று வெளிப்பக்கம் திருப்பலாம், வலதைத் திருப்பினால் எதிரே வருகிறவர்கள் பக்கம் போகும்.

பத்து நிமிடம் தொடர்ந்து எரியவிட்டு ஃபியூஸ் ஹோல்டர்களையும் ரிலே சாக்கெட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். ரிலே இளஞ்சூடாக இருப்பது இயல்பு. வயரோ ஹோல்டரோ சுட்டால் அங்கே பிடிமானம் தளர்ந்திருக்கிறது, அந்த லக்கை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். முதல் கரடுமுரடுப் பயணம் போய் வந்ததும் பிராக்கெட் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கி, சுவரில் ஒளி அதே இடத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு முன் எர்த் லக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி கிரீஸ் வையுங்கள். உபரி ஃபியூஸ்களையும் ஒரு உபரி ரிலேயையும் டேஷ்போர்டு பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.